நம்பர் 2 மார்க் 4 ஸ்டார்: த்ரீ நாட் த்ரீயின் உடம்புக்குள் ஒரு .22

பின்வாயை அடைக்கிற போல்ட்டை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, இந்தத் துப்பாக்கியின் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் நல்ல கனமான இரும்பு. நடுவில் பென்சில்கூட நுழையாத ஓட்டை. இரண்டுக்கும் நடுவே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு மெல்லிய வட்டக்கோடு. கோட்டுக்கு வெளியே இருப்பது முதல் உலகப் போருக்காகச் செய்த குழல். உள்ளே இருப்பது பிற்பாடு செருகிய சின்னக் குழல். இந்த ரைஃபிளைப் பற்றி நான் சொல்லப்போகிற நல்லது, கெட்டது எல்லாவற்றுக்கும் அந்தக் கோடுதான் காரணம்.

ஆறு வருடமாக இது என்னிடம் இருக்கிறது. உரிமம் பெற்ற கிளப் ரேஞ்சில், 25 கஜ தூரத்தில், வாரம் ஒருநாள் நானும் சுடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கும் இதைக் கொடுத்துத்தான் ஆரம்பித்து வைக்கிறேன். ஆகவே இது ஒருநாள் சுட்டுப் பார்த்து எழுதுகிற விமர்சனம் இல்லை.

லீ என்ஃபீல்டு என்றால் பலருக்குப் புரியாது. த்ரீ நாட் த்ரீ என்றால் உடனே புரியும். அந்த .303 (எண் குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) ராணுவ ரைஃபிளின் குட்டைக் குழல் வகையை எடுத்து, .22 ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் அடித்தால் வெடிக்கிற, தோட்டாவைச் சுடும்படி மாற்றியதுதான் நம்பர் 2 மார்க் 4 ஸ்டார். மரக்கட்டை, போல்ட் கைப்பிடி, சுட இழுக்கிற விசை, குறிபார்க்கிற சைட், ஸ்லிங் என்கிற பெல்ட் மாட்டும் வளையம் எல்லாம் அப்படியே. எடையும் ஏறக்குறைய அதே 4 கிலோ. மாறியது குழலின் உட்புறம், போல்ட்டின் தலை, தோட்டா அடுக்கும் மேகசினின் உள்பாகம், அவ்வளவுதான். மாற்றும் வேலை இங்கிலாந்தில் மட்டும் நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் நம் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையிலும்கூட நடந்தது. என்சிசியில் இருந்தவர்களுக்கு இதன் முகம் மறந்திருக்காது.

இப்படி ஏன் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் இந்தத் துப்பாக்கியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று புரியும்.

பெரிய தோட்டாவை வைத்துப் பழக நீளமான மைதானம் வேண்டும், பின்னால் உயரமான மண்மேடு வேண்டும், செலவும் அதிகம். ஒரு கூடத்துக்குள்ளேயே பழக வழி உண்டா என்று 1880-களிலேயே யோசித்துவிட்டார்கள். அப்போது வந்ததுதான் மோரிஸ் குழாய். அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தின் மார்ட்டினி ஹென்ரி ரைஃபிளின் தடித்த குழலுக்குள் ஒரு மெல்லிய குழலைச் செருகி, சின்னத் தோட்டா சுடுவது. பழகி முடித்ததும் கழற்றிவிடலாம். யோசனை நல்லதுதான், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வைத்தது போயர் போர். 1899-லிருந்து 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகள் ஜெர்மன் மவுசர் ரைஃபிளோடு தூரத்திலிருந்தே ஆட்களை வீழ்த்தியபோது, தன் சிப்பாய்களுக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்பது பிரிட்டனுக்கு உறைத்தது. பிரிட்டிஷ் தளபதி லார்டு ராபர்ட்ஸ் ஊர் ஊராகச் சிறு ரைஃபிள் கிளப்புகள் வேண்டும் என்று வாதாடினார். பழைய ராணுவ ரைஃபிள்களை .22 ஆக மாற்றுகிற வேலை அந்தக் காலத்தில் சூடுபிடித்தது.

அதிலும் தடுமாற்றங்கள் இருந்தன. 1918-ல் வந்த ஒரு வகையில் கன்வேயர் என்ற உலோகக் கூடு இருந்தது. .303 தோட்டா வடிவிலேயே இருக்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு.22 தோட்டா. மேகசினில் அடுக்கி, போல்ட்டை இழுத்து இழுத்து, சண்டையில் சுடுவது போலவே வரிசையாகச் சுடலாம். கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் சுட்டு முடித்ததும் ஒவ்வொரு கூட்டையும் பொறுக்கி, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, துடைத்து, மறுபடி நிரப்ப வேண்டும். அமெரிக்கர்களும் ஸ்பிரிங்ஃபீல்டு 1903-க்கு இதே மாதிரி கூடு செய்து பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் அது நிலைக்கவில்லை. நிலைத்தது எளிமையான வழிதான்: ஒவ்வொரு ரவுண்டாக விரலால் வைத்துச் சுடு.

அப்படி 1920-களின் தொடக்கத்தில் நிலைபெற்ற வடிவம்தான் மார்க் 4. அதில் முழுதாகப் புதிய .22 குழல். ஸ்டார் போட்டது தேய்ந்த .303 குழலைக் குடைந்து, உள்ளே .22 குழாயைச் செருகியது. பர்மிங்காமின் பார்க்கர் நிறுவனம் பெயர்பெற்றது இந்த வேலையில்தான்; பார்க்கர் ரைஃப்லிங் என்றே அதற்குப் பெயர். போரில் தேய்ந்துபோன குழலைத் தூக்கிப் போடாமல் இன்னொரு வாழ்க்கை கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிற விஷயம்.

சரி, சுடும்போது எப்படி இருக்கிறது?

முதலில் தெரிவது எடை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் இதைத்தான் முதல் சிறப்பு என்பேன். குப்புறப் படுத்து, ஸ்லிங்கை இடது கையில் இறுக்கி, கட்டையைத் தோளில் பதித்தால், இந்தக் கனம் உங்கள் மூச்சோடு மெதுவாக ஏறி இறங்கும். லேசான .22 துப்பாக்கி நடுங்கும்; இது அசையும். அந்த அசைவு கண்ணுக்குத் தெரிவதால் அதைக் கட்டுப்படுத்தவும் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது விசை. இரண்டு கட்டமாக இழுபடுகிற ராணுவ விசை. முதல் கட்டம் நீளமாக, சுலபமாக வரும். பிறகு ஒரு சுவர். அந்தச் சுவரில் விரலை நிறுத்தி, சைட்டைச் சரிபார்த்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். போட்டித் துப்பாக்கியில் பழகியவர்களுக்கு இது கல்லைத் தள்ளுவது போல இருக்கும். ஆனால் இந்த விசையை அசங்காமல் இழுக்கத் தெரிந்த விரலுக்கு வேறெந்த விசையும் கஷ்டமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. .303 குண்டு 174 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு). நொடிக்கு சுமார் 2440 அடி வேகத்தில் கிளம்புகிறது. சாதாரண .22 லாங் ரைஃபிள் குண்டு 40 கிரெயின்தான்; வேகமும் 1050 அடியைச் சுற்றித்தான். குழல் நீளமோ இரண்டுக்கும் ஒன்று, 25 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதாவது சின்னக் குண்டு அதே குழலைக் கடக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. விசை இழுத்த அடுத்த கணமே தலையைத் தூக்கி "பட்டுச்சா?" என்று பார்க்கிறவரின் துப்பாக்கி, குண்டு வெளியே வருமுன்பே நகர்ந்துவிடும். பெரிய தோட்டாவில் உதை வலிக்கிறது, சத்தம் பயமுறுத்துகிறது. எந்தத் தப்பு எங்கே நடந்தது என்று பிரித்தறிய முடியாது. இதில் உதையும் இல்லை, பயமும் இல்லை. பேப்பரில் விழுகிற ஓட்டை முழுக்க முழுக்க நம் தப்புதான்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள், பதினாறு வயது. முதல் ஐந்து ரவுண்டும் ஆளுக்கொரு பக்கம். ஆறாவதற்கு, அவளுக்குத் தெரியாமல், பயிற்சிக்கான போலித் தோட்டாவை வைத்துக் கொடுத்தேன். விசையை இழுத்தாள், சத்தம் வரவில்லை, முன்சைட் மட்டும் பொசுக்கென்று கீழே இறங்கியது. அவளே பார்த்துவிட்டாள். "சார், நான்தான் அமுக்குறேன்," என்றாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை அவளுடைய கடைசி ஐந்து ரவுண்டை ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். போலித் தோட்டா என்று சொன்னேன் அல்லவா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிம்ஃபயரில் உள்ளே எதுவும் வைக்காமல் விசையை இழுக்கவே கூடாது. தோட்டாவை அடிக்கிற ஊசி நேராகப் போய், தோட்டா உட்காருகிற சேம்பரின் விளிம்பில் அடிக்கும். நாளடைவில் அங்கே பள்ளம் விழும், அப்புறம் தோட்டா நுழையாது, நுழைந்தால் வெளியே வராது.

துல்லியம் என்று கேட்டால், மணல் மூட்டைமேல் தாங்கி வைத்து, 25 கஜத்தில், நல்ல தோட்டாவோடு, என் துப்பாக்கி ஐந்து ரவுண்டை முக்கால் அங்குலத்துக்குள் வைக்கிறது. அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கொஞ்சமும் மாற்றாத திறந்த சைட்; பின்பக்கம் ஒரு வெட்டு, முன்பக்கம் ஒரு தகடு. பின்சைட்டில் செதுக்கியிருக்கிற எண்கள் த்ரீ நாட் த்ரீக்காக, நூற்றுக்கணக்கான கஜங்களுக்கு எழுதப்பட்டவை. இந்தத் தோட்டாவுக்கு அவற்றில் ஒரு பொருளும் இல்லை. எந்த எண்ணில் வைத்தால் நடுவில் விழுகிறது என்று நீங்களே கண்டுபிடித்து ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வகைத் தோட்டா சுட்டுப் பார்த்தேன். வேகம் அதிகமென்று விற்கப்படுவதுதான் மோசமாகச் சிதறியது. ஒலியின் வேகத்தைத் தாண்டாத, சாதாரண டார்கெட் தோட்டாதான் இதற்கு ஒத்துவருகிறது.

போல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். .303 தோட்டாவில் ஊசி அடிப்பகுதியின் நடுவில் குத்துகிறது. .22-ல் பற்றவைக்கும் மருந்து விளிம்பில் இருக்கிறது, ஆகவே ஊசி ஓரத்தில் குத்த வேண்டும். இதற்காகப் போல்ட்டின் தலையை மட்டும் மாற்றி, அதற்குள் ஒரு சின்னத் துணை ஊசியை வைத்தார்கள். பின்னால் இருக்கிற பழைய பெரிய ஊசி நடுவில் வந்து அடிக்கும். துணை ஊசி அந்த அடியை வாங்கி ஓரத்துக்குக் கொண்டுபோகும். முழுப் போல்ட்டையும் புதிதாக வடிவமைக்காமல் நுனியில் மட்டும் கை வைத்துக் காரியத்தை முடித்த அந்த ஆட்களின் புத்தியை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஸ்பிரிங் பழையதே என்பதால், லீ என்ஃபீல்டின் குணமும் அப்படியே இருக்கிறது: போல்ட்டைத் திறப்பது லேசு, மூடும்போது கடைசி அங்குலத்தில்தான் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும்.

தொந்தரவு தோட்டா வைப்பதில். ஒரு அங்குலத் தோட்டாவை, மூன்று அங்குலத் தோட்டாவுக்காகத் திறந்த வாயில் விரலால் கொண்டுபோய் வைக்க வேண்டும். கை கொஞ்சம் பெரிதாக இருந்தால் சிரமம். நழுவினால் நேராக மேகசினுக்குள் விழும். அந்த மேகசின் வெறும் பெட்டி. உள்ளே ஸ்பிரிங்கும் கிடையாது, தட்டும் கிடையாது. சுட்டு முடிந்த காலித் தோட்டாக்கள் விழுவதற்காகவே அதைக் காலி செய்து வைத்திருக்கிறார்கள். ஐம்பது ரவுண்டு சுட்ட பிறகு மேகசினைக் கழற்றி டப்பாவில் கவிழ்த்தால் சலசலவென்று கொட்டும். தரையில் பொறுக்குகிற வேலையே இல்லை. வேகமாகச் சுட்டுப் பழக நினைக்கிறவர்களுக்கு மட்டும் இது உதவாது.

இனிமேல் சொல்வது வாங்க நினைக்கிறவர்களுக்கு. நான் முதலில் வாங்கியது இது இல்லை, இதே வகையில் வேறொன்று. விற்றவர் கட்டையைத் தேய்த்து, எண்ணெய் பூசி, கண்ணாடி போல வைத்திருந்தார். நான் கட்டையைப் பார்த்து மயங்கிவிட்டேன். முதல் பத்து ரவுண்டு நடுவில் விழுந்தன. குழல் சூடானதும் குண்டுகள் மூன்று அங்குலம் தள்ளி, வலப்பக்கமாக வேறொரு கூட்டம் போட்டன. ஆறவைத்துச் சுட்டால் மறுபடி நடுவில். இரண்டு மாதம் என் மூச்சையும் விரலையுமே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிற ஆர்மரர் அதை வாங்கி, குழலின் வாயில் நகத்தை வைத்துப் பார்த்தார். உள்குழாயும் வெளிக்குழலும் சேருகிற இடத்தில் நகம் மாட்டியது. "உள்ளே பிடி விட்டுப்போச்சுங்க. இதுல சுடாதீங்க," என்றார். அந்த வட்டக்கோடு கண்ணுக்குத் தெரியலாம், நகத்தில் தட்டுப்படக்கூடாது. விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆர்மரரே சொல்லிக்கொடுத்த இன்னொரு சோதனை. கம்பியின் நுனியில், குழல் துடைக்கிற ஃபோர் பை டூ துணியைக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றி, சேம்பர் பக்கமிருந்து ஒரே சீராகத் தள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் இன்னும் நல்லது. நல்ல குழலில் தடை முழுக்க ஒரே மாதிரி இருக்கும். நடுவில் ஓரிடத்தில் துணி சட்டென்று இளகி, மறுபடி இறுகினால், அங்கே குழல் உப்பியிருக்கிறது. எப்போதோ ஒரு குண்டு பாதியில் நின்றிருக்கிறது. தெரியாமல் யாரோ அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்தில் கருப்பாக ஒரு மோதிரம் தெரியும். இத்தனை வருடம் மாணவர்கள் கையில் புழங்கிய துப்பாக்கிகளில் இது அரிதல்ல. ஆகவே சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குழலைப் பார்க்காமல் அடுத்த ரவுண்டைத் தொடாதீர்கள்.

போல்ட்டில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டியிருந்தால், பொருந்துவதுபோலத் தெரிந்தாலும் ஆர்மரர் அளந்து பார்க்காமல் சுடக்கூடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் சும்மா கிடக்கிற பழைய த்ரீ நாட் த்ரீயை நாமே மாற்றிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சட்டப்படியும் அது வேறு விஷயம், உயிருக்கும் அது வேறு விஷயம். தொழிற்சாலையிலோ உரிமம் பெற்ற பட்டறையிலோ மாற்றி, முத்திரை வாங்கியதைத்தான் தொட வேண்டும்.

இதே வேலைக்கு வேறு என்ன இருக்கிறது? 1930-களில் ஜெர்மானியர்கள் மவுசருக்காக எர்மா நிறுவனத்தின் செருகுகுழலைப் பயன்படுத்தினார்கள். குழலுக்குள் செருகி, அதற்கான போல்ட்டையும் மாட்டிச் சுட்டுவிட்டுக் கழற்றிவிடலாம். மூலத் துப்பாக்கிக்கு ஒரு கீறலும் விழாது என்பதால், மாற்றும் முறைகளில் எனக்கு மிகவும் மரியாதை அதன்மேல்தான். ஆனால் முழுச் செட்டாகக் கிடைப்பது கடினம். லீ என்ஃபீல்டு குடும்பத்திலேயே இரண்டாம் உலகப் போரின் நம்பர் 4 ரைஃபிளை ஒட்டி வந்தவை நம்பர் 7, 8, 9. நம்பர் 7-ல் ஐந்து ரவுண்டு மேகசின் உண்டு. நம்பர் 9 கடற்படைக்காக மாற்றியது. நம்பர் 8 மாற்றியதல்ல, பயிற்சிக்கென்றே செய்தது. கனமான குழல், வட்டத் துளை சைட், நல்ல விசை. ஒருமுறை நாள் முழுக்க சுட்டுப் பார்த்தேன். மதிப்பெண் என்று பார்த்தால் அது இதைவிட வெகு தூரம் முன்னால் நிற்கிறது. போட்டிக்குப் போகிறவர்கள் அதையோ, நவீன டார்கெட் ரைஃபிளையோ எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் நீட்டுவேன்.

பராமரிப்பு சுலபம்தான். .22 குண்டு ஈயம், மேலே மெழுகு. குழலில் பெரிதாக எதுவும் படிவதில்லை. எண்ணெய் தொட்ட துணி ஒன்று, காய்ந்த துணி இரண்டு, போதும். தேய்ப்பது எப்போதும் சேம்பர் பக்கமிருந்து. வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டால் குழலின் நுனி தேய்ந்து துல்லியம் கெடும். மரத்துக்கு மட்டும் கவனம் வேண்டும். போன மழைக்காலத்தில் என்னுடையதில் மேல்கட்டையில் ஒரு முடி அளவு விரிசல் விட்டது. பிசின் விட்டு, நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். நேற்றுதான் நூலை அவிழ்த்து ஆளிவிதை எண்ணெய் தடவினேன். காய இன்னும் இரண்டு நாள் ஆகும். சனிக்கிழமை வருகிற புது ஆட்களுக்குத் தயாராகிவிடும்.